பிரார்த்திக்கக் கற்ற ஓர் இரவு

பழநி மலைத்தொடரின் கிழக்குப் புறத்திலே, பன்றிமலை வழியாக ஏறினால் ஆடலூர் வரும். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற ஊர். இந்த மலைகளிலே சாலை எட்டாத குடிகளில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டு, குழந்தை குறுக்கே நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? நீண்ட கழியிலே போர்வையைத் தூளியாகக் கட்டி, அவளை அதிலே கிடத்தி, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி அடிவாரத்துக்கு இறக்குவார்கள். டோலி என்று அதற்குப் பெயர். தூக்குகிறவர்கள் பேசமாட்டார்கள். கூட வருகிற பெண்களின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒருத்தி முருகனை அழைப்பாள், இன்னொருத்தி மாதாவை அழைப்பாள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான். கீழே போய்ச் சேரும்வரை உயிர் தங்கவேண்டும், கீழே ஒரு டாக்டர் இருக்கவேண்டும்.

அதே மலைத்தொடரின் உச்சியிலே, கொடைக்கானலில், ஹில்டாப் என்ற வீட்டில் 1960-ம் ஆண்டு மே மாதம் ஒரு மூதாட்டி கண்ணை மூடினார். வயது 89. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியையும் அதன் ஆஸ்பத்திரியையும் நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்தாம் அவர்.

வேலூர் ஆஸ்பத்திரியின் பெருமையை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலே அதன் வாசலை மிதித்த ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம். இங்கே சொல்ல வந்தது வேறு ஒரு கதை. பிறந்த நாள் முதல் ஜெபத்தின் நடுவிலேயே வளர்ந்த ஒரு பெண், வயது வந்த பிறகு, ஒரே ஓர் இரவிலே, ஜெபிப்பது எப்படி என்று கற்றுக்கொண்ட கதை.

ஜெபக் குடும்பம்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலே நல்ல வருமானமுள்ள டாக்டர். அந்தத் தொழிலை உதறிவிட்டு 1819-ல் மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறினார். இலங்கையில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பண்டத்தரிப்பிலே வைத்தியமும் வேதப் பிரசாரமுமாகப் பல ஆண்டுகள் கழித்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் பலர் இந்தியாவிலே மிஷனரிகள் ஆனார்கள். ஹாரியட் அம்மையார் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும் உபவாசமிருந்து, அந்தப் பிள்ளைக்காகவே ஜெபித்துக் கழிப்பார் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்வார்கள். நம் வீடுகளிலே பிறந்த நாளுக்குப் பாயசம். அந்த வீட்டிலே தாய்க்குப் பட்டினி!

அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் தந்தையைப் போலவே ஜான் என்ற பெயர் கொண்டு, தந்தையைப் போலவே டாக்டராகி, வட ஆர்க்காட்டுப் பக்கத்திலே பணி செய்தார். அவருடைய மனைவி சோபியா. ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு 1870 டிசம்பர் 9-ந் தேதி, இராணிப்பேட்டையிலே அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. அதுதான் ஐடா.

சங்கீத வித்துவான் வீட்டுக் குழந்தைக்குக் கேள்வி ஞானம் தானாக வந்துவிடும். பாட்டு வருமா என்பது வேறு விஷயம். ஐடாவுக்கும் அப்படித்தான். பரமண்டல ஜெபம் பேச்சோடு பேச்சாகவே வந்துவிட்டது. ஆனால் ஜெபம் என்றால் என்ன என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, அதைக் காட்டிலும் பயங்கரமான ஒன்று அவள் கண்ணில் பட்டது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம் அது. வேலூரில் மிஷன் வளாகத்துக்குள் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்து குவிந்தார்கள். ஐடாவுக்கு அப்போது ஆறு, ஏழு வயது. அவள் கையிலே ரொட்டியைக் கொடுத்து, பிட்டுப் பிட்டு அந்தக் குழந்தைகளின் வாயிலே ஊட்டச் சொன்னார்கள். ஏன் ஊட்டவேண்டும்? தாமாக எடுத்து உண்ணவும் அவர்களுக்குச் சக்தியில்லை. வழியோரத்திலே செத்துக் கிடந்த குழந்தைகளையும் அவள் பார்த்தாள். அந்தக் காட்சி அவள் மனத்தை விட்டு அகலவே இல்லை. இந்தியா என்றால் அவளுக்கு அதுதான்.

பிறகு குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகள் கழித்துத் தந்தை மறுபடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவரைத் தொடர்ந்து தாயும் புறப்பட்டார். சிகாகோவிலே பெரியப்பா வீட்டிலே ஐடா விடப்பட்டாள். தாய் போன அன்று இரவு, அவர் படுத்திருந்த அறைக்கு ஓடி, அவருடைய தலையணையிலே முகம் புதைத்து விடிய விடிய அழுதாளாம். பஞ்சத்தைக் காட்டிய நாடு இப்போது தாயையும் பறித்துக்கொண்டது. அந்த நாட்டின்மேல் அவளுக்கு அன்பு பிறக்கவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

மூடி என்ற புகழ்பெற்ற பிரசங்கியார் மாஸாசுஸெட்ஸ் மாகாணத்து நார்த்பீல்டில் நடத்திவந்த பெண்கள் பள்ளியிலே ஐடா சேர்ந்தாள். காலையும் மாலையும் ஜெபம் நடக்கிற பள்ளி. ஆனால் ஐடாவோ குறும்புக்குப் பேர் போனவள். ஸ்கடர் வீட்டுப் பெண் மிஷனரியாகத்தானே போவாள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஒருக்காலும் போகமாட்டேன் என்பதிலே உறுதியாக இருந்தாள். இங்கேயே இருந்து, நல்ல இடத்திலே வாழ்க்கைப்பட்டு, சௌக்கியமாக இருக்கவேண்டும் என்பது அவள் ஆசை. நியாயமான ஆசைதான்.

1890-ல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். ஐடா புறப்பட்டு வந்தாள், தாய் தேறியதும் திரும்பிவிடுவது என்ற திட்டத்துடன்.

மூன்று பேர் வந்தார்கள்

அப்படித் திண்டிவனத்தில் தங்கியிருந்த நாட்களில்தான் அந்த இரவு வந்தது.

விளக்கடியிலே தன் அறையில் உட்கார்ந்திருந்தாள் ஐடா. தாழ்வாரத்திலே காலடியோசை கேட்டது. வெளியே வந்தாள். ஒரு பிராமண வாலிபர் நின்றார். படித்தவர், மரியாதை தெரிந்தவர். அவருடைய மனைவி, பதினான்கு வயதுச் சிறுமி, பிரசவ வேதனையிலே துடித்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐடா வந்து உதவி செய்யவேண்டும் என்று கெஞ்சினார்.

ஐடாவுக்கு வைத்தியத்திலே அரிச்சுவடிகூடத் தெரியாது. தன் தந்தை டாக்டர் என்றும், அவரை உடனே அழைத்துவருவதாகவும் சொன்னாள். அந்த வாலிபரின் முகம் மாறிவிட்டது. அன்னிய ஆண்மகன் தம் மனைவியின் முகத்தைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஐடா தந்தையிடம் ஓடினாள். அவரால்தான் என்ன செய்யமுடியும்? அழைக்காத வீட்டிலே டாக்டர் நுழையமுடியாது. இத்தகைய சாவுகளை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து நொந்தவர் அவர். மகள் தன் அறைக்குத் திரும்பினாள்.

மறுபடியும் காலடியோசை. மனம் மாறி அவர்தாம் வந்துவிட்டாரோ என்று எழுந்து ஓடினாள். வந்தவர் வேறொருவர், ஒரு முஸ்லிம். அவர் வீட்டிலும் அதே வேதனை. அவரும் கேட்டது ஐடாவைத்தான். தந்தையும் கூடவே வந்து நின்று, தாம் வருவதாகச் சொல்லிப் பார்த்தார். கோஷா வீட்டிலே வெளி ஆண் கால் வைப்பதா? அவரும் போய்விட்டார்.

மூன்றாம் முறையும் காலடியோசை கேட்டது. இப்போது வந்தவர் ஒரு முதலியார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே திரும்புதல்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வழக்கத்தைக் குறை கூறுவது இன்று நமக்கு எளிது. ஆனால் அந்த மூன்று கணவர்களும் கல்நெஞ்சர்கள் அல்லர். நெஞ்சிலே ஈரமில்லாதவன் நள்ளிருட்டிலே வெள்ளைக்காரர் வீட்டுப் படியேறி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கைகூப்பி நிற்கமாட்டான். அவர்களும் அன்றைக்கு ஒரு வகையிலே பிரார்த்தித்தவர்கள்தாம். அவர்கள் பிரார்த்தனை வந்து விழுந்த இடம் ஐடாவின் காலடி.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தாள்.

எதைக் கேட்டு ஜெபிப்பது? மூன்று வீடுகள், கல்லெறி தூரத்திலே மூன்று பெண்கள், தன்னையொத்த பெண்கள், தன்னைவிடச் சிறியவர்கள். அவர்களைக் காப்பாற்று என்று கேட்கலாம். ஆனால் கேட்கும்போதே ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. மூன்று பேரும் தேடி வந்தது உன்னையல்லவா? கடவுளிடம் எதைக் கேட்டாலும், அது சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்து சேர்ந்தது. அவளோ போகவே விரும்பவில்லை. அமெரிக்காவிலே தோழிகளும் கலகலப்பான வாழ்க்கையும் காத்திருந்தன. பஞ்சத்தையும் பிரிவையும் தந்த இந்த நாட்டிலே வாழ்நாள் முழுவதையும் கழிப்பதா? அந்த இரவு முழுவதும் நடந்தது வேண்டுதல் அல்ல, வழக்காடுதல். கடவுளை நேருக்கு நேராகச் சந்தித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்காலத்திலே அவரே சொல்லிக்கொள்வதுண்டு.

பொழுது விடிந்தது. தெருவிலே சாவுப் பறை முழங்கியது. ஐடாவுக்கு உடல் நடுங்கியது. வேலையாளை அனுப்பி விசாரித்து வரச் சொன்னாள். அவன் திரும்பி வந்து சொன்னான். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

மறுபடியும் அறைக்குள்ளே போய்த் தனித்திருந்தாள். பிறகு வெளியே வந்து பெற்றோரிடம் சொன்னாள், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, இந்த நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் செய்யத் திரும்பி வரப்போவதாக.

கேட்பதும் கேட்கப்படுவதும்

மிஷனரிகளின் கதைகளிலே அலங்காரம் ஏறிவிடுவதுண்டு. ஓர் இரவிலே மூன்று பேர், விடிவதற்குள் மூன்று சாவு என்பது கதைபோல இருக்கிறதே என்று ஐயப்படுகிறவர்களும் இருக்கலாம். ஆனால் இது பிறர் கட்டிவிட்டதன்று. ஐடாவே பல மேடைகளிலே, பல ஆண்டுகள், மாற்றமில்லாமல் சொல்லிவந்த செய்தி. அந்தக் காலத்திலே திண்டிவனம் போன்ற ஓர் ஊரில் அது நடக்கக்கூடியதே என்பதும் தெரிந்ததுதான்.

நம் எல்லாருக்கும் பிரார்த்தனை என்றால் முதலில் வேண்டுதல்தான். பழநியாண்டவனுக்குக் காவடி எடுக்கிறவரும், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவரும், நாகூருக்குப் போகிறவரும் ஏதோ ஒன்றைக் கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். அதிலே தவறு ஒன்றும் இல்லை. ஏசுநாதரே தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்திலே, அன்றன்றைய ஆகாரத்துக்கான வேண்டுதலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வேண்டுதல் வருகிறது. நம் விருப்பம் அல்ல, கடவுளின் சித்தம் நடக்கட்டும் என்று ஒப்புக்கொடுக்கிற வேண்டுதல். ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான வாய்கள் அதை உச்சரிக்கின்றன. வாய் உச்சரிக்க ஒரு விநாடி போதும். மனம் உச்சரிக்க, ஏசுநாதருக்கே கெத்சமனே தோட்டத்திலே ஓர் இரவு தேவைப்பட்டது. அங்கே அவர் முதலில் கேட்டதும் இந்தத் துன்பம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்பதைத்தான்.

ஐடா குழந்தைப் பருவம் முதல் அந்த வரியைச் சொல்லி வந்தாள். அதன் பொருள் இன்னதென்று தெரிந்தது திண்டிவனத்திலேதான். கடவுளிடம் கேட்கப் போனவளைக் கடவுள் கேட்டுவிட்டார்.

பத்தாயிரம் டாலர்

பென்சில்வேனியாவிலே பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் ஐடா. பின்பு கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்குக் கப்பலேறக் கொஞ்ச நாட்களே இருந்தன. வேலூரில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். படித்து முடித்த சின்னப் பெண்ணுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? வீடு வீடாக ஏறி இறங்கியும் சில்லறைதான் சேர்ந்தது. டேபர் என்ற ஒரு சீமாட்டியைச் சந்தித்துத் திண்டிவனத்து இரவைப் பற்றிச் சொன்னார். பக்கத்து அறையிலே ஒரு முதியவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது ஐடாவுக்குத் தெரியாது. அவர் ஷெல் என்ற பாங்கர், அந்தச் சீமாட்டியின் சகோதரியை மணந்தவர். மறுநாள் ஆளனுப்பி ஐடாவை வரவழைத்தார். துருவித் துருவிக் கேள்வி கேட்டார். காலமாகிவிட்ட தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்தார்.

ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றே ஐடா இதைக் கருதினார். நாம் அதை மறுக்க வரவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. அறைக்குள் முழந்தாளிட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. படிப்படியாக ஏறி இறங்கிய கால்களும் அந்த ஜெபத்தைச் சேர்ந்தவைதாம். பிற்காலத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் கண்டதும் இதைத்தான். கைகூப்பி எழுந்ததும் அந்தக் கைகள் வேலையைத் தேடும்.

ஒரு கட்டில் ஆஸ்பத்திரி

1900-ம் ஆண்டு பிறந்த வேளையிலே தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையின் அருகே இருந்து தொழில் பழகலாம் என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதமே தந்தை காலமானார். வேலூரிலே தனித்து நின்ற டாக்டருக்கு, இருந்த வீட்டிலே ஓர் அறையும் அந்த அறையிலே ஒரு கட்டிலும்தான் ஆஸ்பத்திரி. மருந்து கொடுப்பது ஜன்னல் வழியாக. சமையற்காரரின் மனைவி சலோமிதான் உதவியாள். நர்ஸு வேலையைச் சலோமிக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஐடா கற்றுக்கொடுத்தார், அவர் கற்றுக்கொண்டார். முதல் பெரிய அறுவை சிகிச்சையின்போது ஐடாவுக்குப் பக்கத்திலே நின்றவரும் அவரே. மயக்க மருந்து பார்க்க வேறு டாக்டர் இல்லை, தவறினால் தூக்கிவிட ஆளில்லை.

அந்த நிலையிலே ஒரு டாக்டர் என்ன செய்வார்? ஐடா ஜெபித்தார். அறுவைக்கு முன்னால் நோயாளியின் அருகே ஒரு கணம் தலை குனிந்து ஜெபிப்பது வேலூரிலே வழக்கமாகவே நிலைத்துவிட்டது. நோயாளி எந்த மதத்தவராயினும் சரி. அந்த ஒரு கணத்திலே கத்தியெடுக்கிறவரும் கத்திக்கு உடம்பைக் கொடுக்கிறவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் அல்லவா? இருவர் கையிலும் முழுவதும் இல்லாத ஒன்றுக்காக அது.

1902-ல் ஷெல் நினைவு ஆஸ்பத்திரி 40 படுக்கைகளுடன் திறந்தது. முதலில் மாட்டு வண்டியிலும், 1909-ல் வந்து சேர்ந்த பீஜோ மோட்டாரிலும் கிராமம் கிராமமாகப் போனார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகள் ஆஸ்பத்திரிகள் ஆயின. குதிரையும் மாடும் இல்லாமல் ஓடிவருகிற வண்டியைக் கண்டு பேய் வருகிறது என்று ஓடியவர்களே, சில வாரத்தில் அதே வண்டிக்காகச் சாலையோரத்திலே காத்து நின்றார்கள்.

ஆயினும் ஒரு டாக்டர் எத்தனை கதவைத் திறக்கமுடியும்? திண்டிவனத்திலே ஒரே இரவில் மூன்று வீடு. தமிழ்நாடு முழுவதிலும் எத்தனை? நம் நாட்டுப் பெண்களையே டாக்டர்களாக்கவேண்டும் என்று தீர்மானித்தார். முதல் உலக யுத்த நடுவிலே இதென்ன யோசனை என்று சிரித்தவர்கள் உண்டு. மாகாண மருத்துவத் துறையின் தலைவரான பிரைசனும் அதிகம் நம்பவில்லை. விண்ணப்பங்களே வராது என்று நினைத்தார். எதிர்பார்த்ததற்குப் பன்மடங்காக வந்து குவிந்தன. 1918 ஆகஸ்டு 12-ந் தேதி கவர்னர் பெண்ட்லண்டு பிரபு பெண்கள் மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். முதல் ஆண்டு அரசாங்கப் பரீட்சையிலே ஆண்கள் பள்ளிகளில் ஐந்துக்கு ஒருவர்தான் தேறினார். வேலூர்ப் பெண்கள் பதினான்கு பேரும் தேறினார்கள்! 1922-ல் அந்தப் பதினான்கு பேரும் டாக்டர்களாக வெளிவந்தார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ம் அதிகாரத்தை, அன்பைப் பற்றிய அந்த அதிகாரத்தை, தம் மாணவிகளுக்கு ஐடா திரும்பத் திரும்பப் போதித்தார்.

இரண்டாம் பாடம்

இத்துடன் கதை முடிந்திருந்தால், நல்ல மனிதருக்கு நல்லது நடந்தது என்று நாமும் எழுந்து போய்விடலாம். ஆனால் ஜெபத்திலே ஐடாவுக்கு இன்னொரு பாடம் பாக்கி இருந்தது. அது வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

1938-ல் சென்னை அரசாங்கம் மருத்துவக் கல்வியை மாற்றியமைக்க முடிவு செய்தது. பழைய டிப்ளமோப் படிப்புக்கு இனி இடமில்லை. மருத்துவம் கற்பிக்கிறவர்கள் சர்வகலாசாலையோடு இணைந்து, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குக் கற்பிக்கவேண்டும். கொள்கையளவில் இது சரியான முடிவே. நோயாளிக்கு அரைகுறை டாக்டர் எதற்கு? ஆனால் வேலூருக்கு அது தலையிலே விழுந்த இடி. படுக்கைகளைப் பெருக்கவேண்டும், உயர்ந்த பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பலர் வேண்டும், சோதனைச்சாலைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்குள்ளே இரண்டாம் உலக யுத்தமும் வந்துவிட்டது.

வழி ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது. இந்தியாவிலுள்ள பல சபைகளும் சேர்ந்து ஒரு பெரிய கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று வெகுநாளாகப் பேசிவந்தன. அதை வேலூரிலேயே அமைக்கலாம். ஆனால் அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக இருக்கவேண்டும்.

பொதுவாகவா? ஐடாவின் வாழ்க்கையே பெண்களுக்காக அல்லவா! திண்டிவனத்து மூன்று பெண்களுக்காக அல்லவா! பெண்களுக்கென்று கேட்டுத்தானே ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பெண்களிடம் காசு வாங்கினார்! அந்தப் பெண்கள் சங்கங்களிலே எதிர்ப்பு மூண்டது. நாங்கள் கொடுத்தது பெண்களின் கல்லூரிக்கு, அதை ஆண்களிடம் ஒப்படைக்க உங்களுக்கு உரிமையில்லை என்றார்கள். பல்லாண்டு காலம் அவருக்குத் தோள் கொடுத்து நிதி திரட்டிய நெருங்கிய தோழி ஒருவரே எதிர்த்தரப்பில் நின்றார். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொதுக் கல்லூரி என்று ஆனபின் பெண்களின் இடம் சுருங்கிப் போன கதைகளை அவர்கள் அறிவார்கள்.

இந்த இடத்திலே ஐடாவின் ஜெபம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இளமையிலே, தான் விரும்பிய வாழ்க்கையை விட்டுக்கொடுத்தார். அது கஷ்டம்தான். ஆனால் முதுமையிலே விட்டுக்கொடுக்க நேர்ந்தது வேறு. கடவுளே கொடுத்தார் என்று நம்பிய ஒன்றை, ஜெபித்து ஜெபித்துப் பெற்ற ஒன்றை, அவர் கேட்ட உருவத்திலிருந்து வேறு உருவத்துக்கு மாற்ற ஒப்பவேண்டும். கெட்டதைத் துறப்பதற்கு வழி சொல்லாத மதம் இல்லை. தன் கையாலேயே வளர்த்த நல்லதைக் கைநழுவ விடுவதற்குத்தான் வழி புலப்படுவதில்லை.

எடுத்த எடுப்பிலே அவர் சம்மதித்துவிடவில்லை. தயங்கினார், தவித்தார். முடிவிலே, கல்லூரி மூடப்பட்டால் பெண்களுக்கும் இல்லை, ஆண்களுக்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை என்பதைக் கண்டார். பொதுக் கல்லூரிக்குத் துணிந்து ஆதரவு தந்தார். வசைச் சொற்களைத் தாங்கிக்கொண்டார். எழுபது வயது கடந்த நிலையில், யுத்த காலத்திலே அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். ஒரு காலத்தில் 8,000 டாலருக்குப் படியேறிய அதே கால்கள்தாம். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் பத்துப் பேர் உள்ளே வந்தார்கள். இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார்.

மலை வீடு

ஐடாவோ 1946-ல் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். தாம் பெற்று வளர்த்த பிள்ளையின் குடும்பத்திலே தலையிடாத மாமியார் நம் ஊரிலே எத்தனை பேர்? அந்தச் சிலரில் ஒருவராகக் கொடைக்கானல் ஹில்டாப் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நெடுநாள் தோழியான கெர்ட்ரூட் டாட் அம்மையாருடன் கோடைகளைக் கழித்த வீடு அது. மலர்ச்செடிகள் என்றால் அவருக்கு உயிர். பழைய மாணவிகள் வருவார்கள். தாம் மருத்துவம் பார்க்கும் ஊர்களைப் பற்றிச் சொல்வார்கள். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவர் கையில் வந்து சேர்ந்ததாகச் சொல்லுவதுண்டு.

வேலூரை அவர் விட்டுவந்தபோது, பெண்கள் கல்லூரி என்ற பெயர் போயிருந்தது. ஆனால் பெண் மாணவிகள் போகவில்லை. தோழியர் அஞ்சியதுபோல நடக்கவில்லை. நடக்காது என்று முன்கூட்டியே அவருக்கு யாரும் உறுதி சொல்லியிருக்கவும் இல்லை.

அந்த மலை வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால், மேகம் விலகும் வேளைகளில், கீழே சமவெளி தெரியும். இரவிலே ஊர்களின் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். திண்டிவனம் அங்கிருந்து வெகு தூரம். அன்று அந்த ஊரில் இறந்த மூன்று பெண்களில் ஒருத்தியின் முகத்தையும் ஐடா பார்த்ததில்லை. அவர்களின் பெயர்களும் இந்தக் கதையில் இல்லை. வந்து நின்ற கணவர்களின் ஜாதியும் மதமும் மட்டுமே இருக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ மேடைகளில், எத்தனையோ ஊர்களில் அந்த இரவைப் பற்றிச் சொன்னார் அவர். எங்கே சொன்னாலும் தொடங்குவது ஒரே இடத்திலேதான். விளக்கு எரிகிறது, தாழ்வாரத்திலே காலடியோசை கேட்கிறது.